நான்கு வாரத்துக்கு வந்த வேட்டை நாய்

கேள்வி: ஐயா, மோர்தானா போகும் சாலையோரத்தில், கம்பி அறுத்த கழுத்துப் புண்ணோடு கிடந்த, கன்னி என்ற வேட்டை இன நாயை என் தோழி எடுத்து வந்து ஐந்து மாதமாக வளர்க்கிறாள். முயல் வேட்டைக்கு வைத்திருந்து, கால் நொண்டியதும் யாரோ விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இப்போது அவள் அம்மாவின் அறுவை சிகிச்சைக்காகச் சென்னையில் நான்கு வாரம் தங்க வேண்டியிருக்கிறது. "மணியை நீதான் பார்த்துக்கணும்" என்றாள், சரி என்று சொல்லிவிட்டேன். வீட்டில் ஆறு நாட்டுக்கோழிகள், இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள். வேட்டை நாய் வீட்டுக்கு ஆகாது என்கிறார் மாமியார். அக்னி நட்சத்திரம் வேறு, வைகாசி முதல் தேதி எங்கள் ஊர் கெங்கையம்மன் கோயில் சிரசுத் திருவிழா வேறு. எனக்கு நாய் வளர்த்த பழக்கமே இல்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?
– வாசகி, குடியாத்தம்

பதில்: கழுத்து பெல்ட்டிலிருந்து ஆரம்பியுங்கள். சாப்பாடு, குளியல் எல்லாம் அப்புறம். கன்னி, சிப்பிப்பாறை மாதிரி நாய்களுக்குத் தலை ஒடுங்கியிருக்கும், கழுத்தும் தலையும் கிட்டத்தட்ட ஒரே அகலம். மற்ற நாய்களுக்குப் போடுகிற சாதாரண பெல்ட் இவற்றுக்கு நிற்காது.

பல வருடம் முன்பு ஒரு நண்பரின் சிப்பிப்பாறையை ஒரு வாரம் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் பாலாற்றங்கரையில் நடந்துகொண்டிருந்தோம், மணலில் ஒரு ஆட்டுக்குட்டி துள்ளியது, நாய் ஒரு அடி பின்னுக்கு வந்து தலையைக் குனிந்தது, அவ்வளவுதான். செயின் என் கையில் இருந்தது, செயினின் முனையில் பெல்ட்டும் பூட்டியபடியே தொங்கிக்கொண்டிருந்தது, நாய் மட்டும் இல்லை. பெயரைச் சொல்லிக் கத்தினேன், பின்னால் ஓடினேன். இரண்டுமே தவறு என்று பிறகுதான் புரிந்தது, பயந்த நாய் துரத்தத் துரத்த இன்னும் தூரம்தான் போகும். இரண்டு ராத்திரி. நண்பரின் துவைக்காத லுங்கியை, அது காணாமல் போன இடத்திலேயே சீமைக் கருவேல மரத்தடியில் விரித்து, பக்கத்தில் தண்ணீர் வைத்துவிட்டு விலகி உட்கார்ந்திருந்தோம். மூன்றாம் நாள் விடியற்காலை அதன்மேல் சுருண்டு படுத்திருந்தது.

அதனால் தோழி கிளம்பும் முன் இரண்டு விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று, இழுத்தால் கழுத்தோடு இறுகிக்கொள்கிற அகலப் பட்டை, அதோடு மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸ். இரண்டிலும் தனித்தனிக் கயிறு மாட்டி, இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள். பழைய புண் இருந்த இடத்தில் பட்டை உரசுகிறதா என்று தினமும் பாருங்கள். இன்னொன்று, அவள் கட்டிப் பழசான ஒரு புடவை, துவைக்காதது. அதுதான் நான்கு வாரமும் மணியின் படுக்கை. தடுப்பூசிப் புத்தகத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள், வெறிநோய் ஊசி எப்போது போட்டது என்று தேதியைப் பாருங்கள். அவசரமாகச் சிகிச்சை தேவைப்பட்டால் யார் முடிவெடுப்பது, செலவு யாருடையது என்பதை வாட்ஸ்அப்பில் ஒரு வரியாவது எழுதி வாங்குங்கள். நல்ல நட்புகூட இந்த இடத்தில்தான் கசந்துபோகிறது.

கோழி விஷயத்தில் உங்கள் மாமியார் சொல்வதில் பாதி உண்மை. மணி கெட்ட நாய் இல்லை, ஆனால் அசைவதைக் கண்டால் துரத்துவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட இனம் அது. நேற்று கோழியைப் பார்த்துவிட்டுச் சும்மாதானே இருந்தது என்று நினைப்பீர்கள், இன்று ஒரு கோழி படபடவென்று இறக்கையடித்து ஓடும், அந்த ஒரு நொடி போதும். பழக்கிவிடலாம் என்று நான்கு வாரத்தில் முயற்சி செய்யவே செய்யாதீர்கள். மணி வெளியே வரும்போது கோழிகள் கூண்டில், கோழிகள் வெளியே வரும்போது மணி உள்ளே, நடுவில் எப்போதும் சாத்திய கதவு. இதை மாமியாரிடமே ஒரு பொறுப்பாகக் கொடுத்துப் பாருங்கள், கோழிகளின் நேரம் அவருக்குத்தான் தெரியும்.

மகளிடம் இரண்டே கட்டுப்பாடு சொல்லுங்கள்: சாப்பிடும்போது கிட்டப் போகக் கூடாது, தூங்கும்போது தொடக் கூடாது. அடிபட்டு வளர்ந்த நாய் தூக்கத்தில் தொட்டால் யார் என்று பார்க்கும் முன்பே கடித்துவிடலாம், எழுப்ப வேண்டுமென்றால் பெரியவர்கள் எட்ட நின்று பெயர் சொல்லிக் கூப்பிடட்டும். நீங்கள் பக்கத்தில் இல்லாமல் இருவரையும் தனியாக விடாதீர்கள். பல் பட்டுவிட்டால், கீறலே ஆனாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது.

முதல் மூன்று நாள் அது சரியாகச் சாப்பிடாமல் இருக்கலாம், மூலையிலேயே கிடக்கலாம். கெஞ்சாதீர்கள், கட்டிப்பிடிக்காதீர்கள். தினமும் ஒரே நேரத்தில் தட்டு வையுங்கள், கால்மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். தோழி கேழ்வரகுக் களியோடு வேகவைத்த கோழி கொடுத்தாள் என்றால் நீங்களும் அதையே கொடுங்கள், பாசத்தில் புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம். மிச்சமான பிரியாணி வேண்டவே வேண்டாம். வெங்காயம் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும், வெந்த எலும்பு சில்லு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். மார்பு ஆழமான நாய் என்பதால் சாப்பிட்டதும் ஓடவிடக் கூடாது, வயிறு உப்பித் திருகிக்கொள்ளலாம். வாந்தி எடுக்க முயன்று எதுவும் வராமல், வயிறு கல் மாதிரி இருந்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், அது சில மணி நேரத்தில் உயிரை எடுக்கிற நோய்.

வெயிலுக்கு வருவோம். நம் பக்கத்து மே மாதத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லவா வேண்டும். காலை ஆறு மணிக்குள் ஒரு நடை, இருட்டிய பிறகு ஒன்று. தார்ச்சாலையில் புறங்கையை வைத்து ஏழெட்டு எண்ணும்வரை வைத்திருக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது. நாய்க்கு உடல் சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்புதான், 104-ஐத் தாண்டி, எச்சில் கெட்டியாக ஒழுகி, தள்ளாடினால் உடம்பு முழுக்கக் குழாய்த் தண்ணீர் ஊற்றி, ஃபேனைப் போட்டு, கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். காது மடல், விரல் இடுக்கில் தினமும் உண்ணி பாருங்கள், வயலுக்கு அடிக்கும் மருந்தைத் தடவாதீர்கள். ஈறு வெளுத்திருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம்.

சிரசு அன்று ஊரே தெருவில் நிற்கும், வெடியும் இருக்கும். மணி வெடிச்சத்தத்தைத் துப்பாக்கி என்று நினைக்குமோ என்னவோ, பயப்படும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அன்று வெளிச்சம் வரும் முன்பே நடத்திக் கூட்டி வந்துவிட்டு, வாசலிலிருந்து தள்ளியிருக்கும் உள் அறையில், ஜன்னலுக்குப் போர்வை கட்டி, ஃபேனும் டிவியும் ஓடவிட்டு, தோழியின் புடவையோடு விடுங்கள். விருந்தாளிகள் கதவைத் திறந்து போட்டுவிடுவார்கள், அறைக்கு ஒரு தாழ்ப்பாள், வாசலுக்கு ஒரு பூட்டு, இரண்டும் வேண்டும். பயத்துக்கு மருந்து தேவையா என்று ஒரு வாரம் முன்பே கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள், நம் வீட்டுத் தூக்க மாத்திரையையோ காய்ச்சல் மாத்திரையையோ கொடுத்துவிடாதீர்கள்.

இன்னொன்று. மணியைப் பார்த்துவிட்டு யாராவது "ஒரு ராத்திரிக்குக் கொடுங்க, முயலுக்குப் போயிட்டு வந்து விட்டுடறோம்" என்று கேட்பார்கள். கேட்பவர் சொந்தக்காரராக இருந்தாலும் கொடுக்காதீர்கள். 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம். அதைவிட, அந்தக் கம்பிக்குத் திரும்பவும் அதை அனுப்ப உங்களுக்கு உரிமையில்லை.

கேள்வி: அண்ணன் ஊருக்குப் போனதால் அவருடைய சிப்பிப்பாறையை நான் பார்த்துக்கொள்கிறேன். விலா தெரிகிறது, பட்டினி போடுகிறீர்களா என்று தெருவில் கேட்கிறார்கள்.
– வாசகர், ஆற்காடு

பதில்: கடைசி இரண்டு மூன்று விலா தெரிவதும் இடுப்பெலும்பு லேசாகத் தெரிவதும் அந்த இனத்துக்கு இயல்பு. முதுகெலும்பு கூராகத் துருத்தி, தொடைச் சதை உள்வாங்கியிருந்தால்தான் கவலை. மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால் மட்டும் இனத்தின் பெயரை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கொழுப்பு குறைந்த உடம்பு, சில மயக்க மருந்துகள் தெளிய நேரமாகும்.

கேள்வி: இருபது நாள் எங்களோடு இருந்த நாய், திரும்பப் போகும்போது மறுபடியும் கைவிட்டுவிட்டார்கள் என்று நினைக்காதா?
– வாசகி, காட்பாடி

பதில்: நினைக்காமலிருக்க நம்மால் ஆனதைச் செய்யலாம். கொண்டுபோய் விடாதீர்கள், சொந்தக்காரரை உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், அரைமணி நேரம் சேர்ந்து உட்காருங்கள், அவர் கையால் ஒரு வேளை சாப்பாடு வைக்கட்டும். வாலை ஆட்டாமல் ஒதுங்கி நின்றாலும் அவர் வருத்தப்பட வேண்டாம், சில நாய்களுக்கு ஒரு நாள் பிடிக்கும். அது படுத்திருந்த துணியைத் துவைக்காமல் அப்படியே மடித்து அவர் பையில் வைத்து அனுப்புங்கள், இப்போது அதில் உங்கள் வீட்டு வாசனையும் இருக்கும்.