கேளுங்கள், சொல்கிறேன்: கும்மென்று வீங்கும் அந்த ஒரு சுரம்

கேள்வி: சி.டி.க்களைக் கணினியில் ஏற்றி, ஹெட்போன் துளை வழியாக ஆம்ப்ளிஃபையரில் இணைத்துக் கேட்கிறேன். அடியில் மெல்லிய இரைச்சல். பேஸ் கிதாரின் ஒரு சுரம் மட்டும் கும்மென்று வீங்குகிறது. கணினியை விட்டு, விலை உயர்ந்த சி.டி. பிளேயர் வாங்கட்டுமா?
- ஸ்ரீரங்கம் வாசகர்

பதில்: வேண்டாம். உங்களுக்கு வேண்டிய கருவி அந்தக் கணினிதான்.

முதலில் இரைச்சல். பாட்டை நிறுத்திவிட்டு மவுஸை நகர்த்திப் பாருங்கள். கூடவே 'கிர்ர்' என்று கேட்டால், அது மதர்போர்டின் மின்சலசலப்பு. டிஜிட்டல் ஒலியை ஆம்ப்ளிஃபையருக்கான மின்சைகையாக மாற்றும் யு.எஸ்.பி. டி.ஏ.சி. கருவி ஒன்றைக் கணினிக்கு வெளியே வைத்தால் போதும். அதிலும் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் தொடர்ந்தால் கணினிக்கும் டி.ஏ.சி.க்கும் நடுவே ஆப்டிகல் கேபிளுக்கு மாறுங்கள். அதில் ஒளிதான் போகும், மின்சாரம் போகாது.

வீங்கும் சுரத்துக்குக் காரணம் உங்கள் அறை. என் அறையின் நீளம் 12 அடி. நொடிக்கு 343 மீட்டர் ஓடும் ஒலியின் அரை அலை, இரு சுவர்களுக்கு நடுவே 47 ஹெர்ட்ஸில் கச்சிதமாகப் பொருந்திவிடுகிறது. இரண்டு முறை ஸ்பீக்கரை மாற்றியும் அந்தச் சுரம் அடங்கவில்லை. அளக்கும் மைக் ஒன்றை வாங்கி, நான் உட்காரும் இடத்தில் காது உயரத்தில் நிறுத்தி, 'ரூம் ஈக்யூ விசார்ட்' என்ற இலவச மென்பொருளால் அளந்தேன். திரையில் 47க்கு நேரே குன்றுபோல் ஒரு மேடு, 11 டெசிபல் உயரம்! ஒலியின் ஏற்ற இறக்கத்தைத் திருத்தும் 'ஈக்வலைசர் ஏபிஓ' மென்பொருளில் (இதுவும் இலவசம்தான்) அந்த மேட்டை மட்டும் செதுக்கினேன். அன்றிரவு பழைய கச்சேரி ஒன்றைப் போட்டேன். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் கையை அழுத்தி எழுப்பும் கும்கி நாதம் தனியாக, சுத்தமாக, அறைக்கு நடுவில் வந்து நின்றது. எத்தனை வருடமாகக் கேட்ட கச்சேரி! எந்த விலை பிளேயரும் இதை எனக்குத் தந்திருக்காது; அதற்கு என் அறையைத் தெரியாது.

மேட்டை வெட்டலாம், திரையில் தெரியும் பள்ளத்தை நிரப்பப் பார்க்காதீர்கள். அலைகள் ஒன்றையொன்று அழிக்கும் இடம் அது. எவ்வளவு சக்தி கொட்டினாலும் ஸ்பீக்கர்தான் திணறும். அதற்குப் பதிலாக நாற்காலியை ஓரடி நகர்த்துங்கள். விண்டோஸில் ஒலி அமைப்பை சி.டி.யின் அளவான 44,100 ஹெர்ட்ஸில் வையுங்கள். பிளேயர் மென்பொருளில், விண்டோஸின் ஒலி அமைப்பைத் தாண்டி நேரே ஒலியை அனுப்பும் 'எக்ஸ்க்ளூசிவ்' முறையைத் தேர்ந்தெடுத்தால் ஏபிஓ வேலை செய்யாது என்பதும் நினைவிருக்கட்டும்.

அளக்கும்போது மின்விசிறியை மறக்காமல் நிறுத்திவிடுங்கள்.