பிரெஸ்டன் பிளம்பர் டாம் ஃபின்னி: கேள்வி பதில்

கேள்வி: இங்கிலாந்துக்கே கால்பந்து ஆடிய ஃபின்னி நிஜமாகவே குழாய் ரிப்பேர் பார்த்தாரா ஐயா?

ஆமாம், கடைசி வரை. அவருடைய ஊர் பிரெஸ்டன். அந்த ஊர்க் கால்பந்து கிளப் சிறு வயதிலேயே கூப்பிட்டது. ஆனால் முதலில் பிளம்பிங் தொழிலைக் கற்று முடி என்று அப்பா சொல்லிவிட்டார். அப்புறம் இரண்டாம் உலகப் போர் வந்தது. எகிப்திலும் இத்தாலியிலும் ராணுவத்தில் இருந்தார். 1946இல் முதல் லீக் ஆட்டம் ஆடும்போது வயது 24 ஆகிவிட்டது.

கேள்வி: இத்தாலிக்குப் போகாமல் ஊர்ப்பாசத்தால் தங்கினார் என்கிறார்களே, சரியா?

பாதி சரி. 1952இல் பலெர்மோ கிளப் அழைத்தது. சேர்ந்தால் கையில் 10,000 பவுண்டு, மாதம் 130 பவுண்டு, வீடு, கார். இங்கிலாந்தில் லீக் விதிப்படி சம்பள உச்சவரம்பே வாரத்துக்கு 14 பவுண்டுதான்! அவர் யோசிக்காமல் இல்லை. பிரெஸ்டன் கிளப் தலைவரிடம் போய்ப் பேசினார். விட முடியாது என்று ஒரே பேச்சாக முடித்துவிட்டார் தலைவர். ஒப்பந்தம் முடிந்தாலும் கிளப் கையெழுத்துப் போடாமல் ஆட்டக்காரர் நகர முடியாத காலம் அது. சம்பள உச்சவரம்பு 1961இல்தான் ஒழிந்தது, அவர் ஓய்வு பெற்ற மறு வருடம். அவருடைய ஊர்ப்பற்று உண்மை. ஆனால் அதைச் சொல்லி இந்த அநியாயத்தை மறைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி: கோப்பை ஏதாவது?

முதல் டிவிஷன் லீக் பட்டமும் இல்லை, நாக்அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பையும் இல்லை. 1953இல் ஆர்சனலுக்கும் பிரெஸ்டனுக்கும் தலா 54 புள்ளிகள். கோல் சராசரியில், அதாவது அடித்த கோல்களை வாங்கிய கோல்களால் வகுத்த கணக்கில், ஆர்சனல் தட்டிச்சென்றது. 1954 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் 3-2 என்று தோல்வி. ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது மட்டும் 1954, 1957 என இரண்டு முறை.

கேள்வி: பிரெஸ்டன் கிளப்பின் டீப்டேல் மைதான வாசலில் தண்ணீர் தெறிக்கும் சிலை எதைக் காட்டுகிறது?

1956இல் செல்சீ மைதானத்தில் எடுத்த புகைப்படத்தை. மழையில் ஆடுகளம் குளமாகக் கிடக்கிறது. பந்தை விடாமல் சறுக்கிக்கொண்டு போகிறார். அவர் பின்னால் தண்ணீர் விசிறி போல எழும்புகிறது. அந்தச் சேற்றிலும் உடம்பு நிலைகுலையவில்லை, பாருங்கள்.

கேள்வி: அவருக்கு எந்தக் கால் பலம்?

பிறவியில் இடது கால். ஆனால் வலது ஓரத்தில்தான் அதிகம் ஆடினார். வலது காலையும் பழக்கிப் பழக்கி அதற்குச் சமமாக்கிவிட்டார். 1958 உலகக் கோப்பையில் சோவியத் அணியிடம் இங்கிலாந்து 2-1 என்று பின்தங்கியிருந்தபோது பெனால்டி கிடைத்தது. எதிரே சோவியத் கோல்கீப்பர் யாஷின். ஃபின்னி வலது காலால் அடித்தார். கோல். ஆட்டம் 2-2 என முடிந்தது.