லினக்ஸில் லிப்ரே ஆபிஸ் பட்டிகளின் எழுத்துரு: கேள்வி பதில்

லிப்ரே ஆபிஸின் பட்டிகள், கருவிப்பட்டிகள், உரையாடல் பெட்டிகள் ஆகியவற்றில் தோன்றும் எழுத்துரு குறித்து வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. ஆவணத்தின் உள்ளே தட்டச்சு செய்யும் எழுத்துருவைப் பற்றி இங்கே பேசவில்லை.

கேள்வி: தேர்வுகள் பகுதிக்குச் சென்று, அடிப்படை எழுத்துருக்களில் இயல்பிருப்பு எழுத்துருவையும் அளவையும் மாற்றினேன். பட்டிகளில் எந்த மாற்றமும் தெரியவில்லை. ஏன்?

நீங்கள் மாற்றியது புதிய ஆவணங்களுக்கான எழுத்துரு. பட்டிகளுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. அங்கே தமிழ் போன்ற மொழிகளுக்கெனத் தனியாக உள்ள பக்கமும் ஆவணத்துக்கு மட்டுமே உரியது. பட்டிகளின் எழுத்துருவை லிப்ரே ஆபிஸ் தானாக முடிவு செய்வதில்லை; நீங்கள் பயன்படுத்தும் பணிச்சூழலை, அதாவது க்னோம், கேடிஇ போன்ற திரைமுகப்பு அமைப்பைக் கேட்டு, அது சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்கிறது. எனவே மாற்ற வேண்டிய இடமும் பணிச்சூழலின் அமைப்புகள்தான். க்னோம் என்றால், ட்வீக்ஸ் செயலியில் எழுத்துருக்கள் பக்கத்தில் இடைமுக உரைக்கான எழுத்துருவை மாற்றுங்கள். கேடிஇ என்றால், கணினி அமைப்புகளின் எழுத்துருக்கள் பக்கத்தில் பொது, கருவிப்பட்டி, பட்டி என்று தனித்தனி வரிகள் இருக்கும். பொது என்ற வரியை மட்டும் மாற்றிவிட்டுப் பட்டி மாறவில்லை என்று தவிப்பவர்கள் நிறைய, மூன்றையும் மாற்றுங்கள்.

கேள்வி: க்னோமில் எழுத்துருவை மாற்றினேன். மற்ற செயலிகள் எல்லாம் மாறின. லிப்ரே ஆபிஸ் மட்டும் பழைய கணினியில் இருப்பதுபோல், சாம்பல் நிறப் பொத்தான்களோடும் பொடி எழுத்துகளோடும் நிற்கிறது.

எழுத்துருச் சிக்கல் என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றே: உதவிப் பட்டியில் லிப்ரே ஆபிஸ் பற்றி என்ற சாளரத்தைத் திறந்து, அதில் விசிஎல் என்ற சொல்லுக்கு எதிரே என்ன இருக்கிறது என்று பாருங்கள். லிப்ரே ஆபிஸ் தன் சாளரங்களை வரைவதற்குப் பயன்படுத்தும் அடுக்கின் பெயர் அது. அங்கே ஜிடிகே3 என்று இருந்தால் க்னோமின் எழுத்துரு அமைப்பு வந்து சேரும். கேஎஃப்5 அல்லது கேஎஃப்6 என்று இருந்தால் கேடிஇயின் அமைப்பு வந்து சேரும். எக்ஸ்11 என்றோ ஜென் என்றோ இருந்தால், எந்தப் பணிச்சூழலையும் சாராத பொது அடுக்கு இயங்குகிறது என்று பொருள். நீங்கள் சொல்லும் தோற்றம் அதற்குரியதுதான்.

பெரும்பாலும் காரணம் ஒரு பொதி (நிறுவத் தயாரான மென்பொருள் தொகுப்பு) நிறுவப்படாமல் விடுபட்டிருப்பதே. டெபியன், உபுண்டு வழியில் வந்த இயங்குதளங்களில் லிப்ரே ஆபிஸ்-ஜிடிகே3 என்ற பொதியை நிறுவிவிட்டு, லிப்ரே ஆபிஸை முழுவதுமாக மூடித் திறந்தால் போதும். பொதி இருந்தும் பொது அடுக்கே வருகிறது என்றால், எந்த அடுக்கு வேண்டும் என்று செயலிக்குச் சொல்லும் ஒரு சூழல் மாறியை யாரோ எப்போதோ எழுதி வைத்திருக்கலாம். எஸ்ஏஎல், யூஸ், விசிஎல்பிளகின் என்ற மூன்றையும் பெரிய எழுத்துகளில், இடையே அடிக்கோடிட்டு எழுதுவதுதான் அந்த மாறியின் பெயர். உங்கள் முகப்புக் கோப்புறையின் புரொஃபைல் கோப்பில் அது இருக்கிறதா என்று தேடுங்கள்.

கேள்வி: நான் முழுப் பணிச்சூழல் எதையும் நிறுவவில்லை, சாளர மேலாளர் மட்டுமே உண்டு. பொது அடுக்கையே வைத்துக்கொண்டு எழுத்துருவை மாற்ற வழி உண்டா?

உண்டு. தேர்வுகளில் எழுத்துருக்கள் பக்கத்தைத் திறந்து, மாற்று அட்டவணையைப் பயன்படுத்தும் பெட்டியைக் குறியிடுங்கள். எழுத்துரு என்ற இடத்தில் ஆண்டேல் சான்ஸ் யூஐ என்ற பெயரை ஆங்கில எழுத்துகளில் நீங்களே தட்டச்சு செய்யுங்கள். பொது அடுக்கு பட்டிகளுக்குத் தேடும் எழுத்துருவின் பெயர் அது; பட்டியலில் இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். எதிர்ப்புறத்தில் உங்களுக்கு வேண்டிய எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து, பக்கத்தில் உள்ள சரிக்குறிப் பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு பெயர்களையும் நிரப்பிவிட்டு நேராகக் கீழே உள்ள சரி பொத்தானை அழுத்தினால், அட்டவணையில் ஒரு வரியும் சேர்ந்திருக்காது. வரி சேர்ந்த பிறகு, எப்போதும் என்ற கட்டத்தைக் குறியிடுங்கள். ஜிடிகே3 இயங்கும் கணினியில் இந்த வழியை நாட வேண்டாம். அங்கே பணிச்சூழலின் அமைப்பே சரியான இடம்.

கேள்வி: இடைமுக மொழியைத் தமிழாக்கினேன். சில எழுத்துகளின் மேலும் கீழும் வெட்டுப்படுகின்றன. வேறொரு கணினியில் வெறும் கட்டங்களாகத் தெரிகின்றன.

இவை இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். கட்டங்கள் தெரிந்தால் அந்தக் கணினியில் தமிழ் எழுத்துருவே இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோஹித் தமிழ் ஒன்றை நிறுவுங்கள்.

வெட்டுப்படுவது சற்று நுட்பமானது. பட்டியின் முதல் சொல்லான கோப்பு என்பதையே உற்றுப் பாருங்கள். ப் என்பதன் புள்ளி மேலே ஏறி நிற்கிறது. பு என்பதன் கால் கீழே இறங்குகிறது. நீங்கள் தேர்ந்தெடுத்த இடைமுக எழுத்துருவில் தமிழ் இல்லையென்றால், எழுத்துகளை ஃபாண்ட்கான்ஃபிக் என்ற அமைப்பு வேறொரு எழுத்துருவிலிருந்து எடுத்துத் தருகிறது. வரியின் உயரமோ முதல் எழுத்துருவின் அளவிலேயே நின்றுவிட, உயரமான தமிழ் எழுத்துகள் அதற்குள் அடங்காமல் போகலாம். இதற்காகவே மேல்கீழ் அளவைச் சுருக்கி வடிவமைக்கப்பட்ட நோட்டோ சான்ஸ் தமிழ் யூஐ என்ற எழுத்துரு இருக்கிறது. பணிச்சூழலின் இடைமுக எழுத்துருவாக அதையே நேரடியாக வைத்துப் பாருங்கள்.

இப்போது எந்த எழுத்துரு வருகிறது என்று அறிய, முனையத்தில் எஃப்சி-மேட்ச் கட்டளைக்குப் பின் சான்ஸ் என்று எழுதி, முக்காற்புள்ளியிட்டு, மொழி என்பதற்குரிய லாங் என்ற சொல்லும் சமக்குறியும் டிஏ என்ற மொழிக்குறியும் தாருங்கள். எதிர்பாராத பெயர் ஒன்று வந்தால், கோளாறு லிப்ரே ஆபிஸில் இல்லை. தமிழில் பட்டிகளைப் பார்க்க விரும்பி, இந்த ஒரு தடையால் ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பத்து நிமிடத்தில் தீரக்கூடியது இது.

கேள்வி: அடர்த்தி மிகுந்த புதிய திரையில் எழுத்துகள் மிகச் சிறியவையாக உள்ளன. முன்பு லிப்ரே ஆபிஸிலேயே இடைமுகத்தைப் பெரிதாக்கும் எண் ஒன்று இருந்ததே?

பழைய பதிப்புகளில் இருந்தது, பின்னர் நீக்கப்பட்டது. இப்போது க்னோமில் ட்வீக்ஸ் செயலியின் உரைப் பெருக்க அளவை 1-இலிருந்து 1.25-ஆக உயர்த்துங்கள். பிற செயலிகளும் சேர்ந்து பெரிதாகும்.

கேள்வி: எல்லாம் செய்தும் பழைய எழுத்துருவே வருகிறது.

சாளரத்தை மூடிய பிறகும் எஸ்ஆபிஸ்.பின் என்ற செயல்முறை பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கலாம். அதை நிறுத்திவிட்டுத் திறந்து பாருங்கள். அப்போதும் மாறாவிட்டால், உதவிப் பட்டியில் பாதுகாப்பான முறையில் மீண்டும் தொடங்குங்கள். அங்கே எழுத்துரு சரியாக வந்தால், பழுது உங்கள் பயனர் அமைப்புகளில் இருக்கிறது. முகப்புக் கோப்புறையில் மறைந்துள்ள கான்ஃபிக் கோப்புறைக்குள் லிப்ரே ஆபிஸ், அதற்குள் 4 என்று ஒரு கோப்புறை இருக்கும். லிப்ரே ஆபிஸை மூடிவிட்டு அதன் பெயரை மாற்றி வையுங்கள்; அழித்துவிடாதீர்கள். நீங்கள் சேர்த்த அகராதிச் சொற்களும் மேக்ரோக்களும் அதற்குள்தான் இருக்கின்றன. புதிய கோப்புறை உருவான பிறகு அவற்றை மட்டும் எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம்.