ரேடியோவைத் தூக்கிப் போட்டுவிட வேண்டுமா?

மதிப்பிற்குரிய மேடம் அவர்களுக்கு,

வணக்கம். நான் திருநெல்வேலியில் கம்ப்யூட்டர், லேப்டாப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். வயது 41. டிப்ளமோ முடித்ததும் சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் வேலை பழகினேன். கல்யாணத்துக்கு முன்னால் ஊருக்கே வந்து சொந்தமாகக் கடை போட்டுவிட்டேன். மனைவி தனியார் பள்ளியில் ஆசிரியை. மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அம்மாவும் எங்களோடுதான் இருக்கிறார்கள்.

தொழிலில் பெரிய குறை இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் இடி மழை பிடித்தால் மோடம், லான் போர்ட், எஸ்எம்பிஎஸ் எல்லாம் அடிபட்டு வரிசையாக வரும். 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு அப்டேட் நின்றதிலிருந்து, நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய சிஸ்டத்தைக்கூடத் தூக்கிக்கொண்டு வந்து "இது இனிமே ஆகாதா தம்பி?" என்று கேட்கிறார்கள். வாங்கிய கடனை நினைத்துக்கொண்டே நிற்கிறவர்களிடம், போர்டு பழசு, விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப் இல்லை என்று விளக்கிச் சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

கடையை இரவு எட்டரைக்கு அடைத்துவிடுகிறேன். ஆனால் போன் நிற்பதில்லை. பிரிண்டரில் பேப்பர் மாட்டிக்கொண்டது, வைஃபை வரவில்லை, காலையில் ஆன்லைன் பரீட்சை, லேப்டாப் ஆன் ஆகவில்லை என்று பதினொரு மணி வரை அழைப்பு வரும். பாதி சொந்தக்காரர்கள். மாமா, சித்தப்பா, மனைவி வழி மச்சான் என்று யாராவது ஒருவர் லேப்டாப்பை வீட்டிலேயே கொண்டு வந்து வைத்துவிட்டுப் போவார்கள். "சும்மா ஒரு ஃபார்மட்தானே மாப்ளே" என்பார்கள். டேட்டாவை எடுத்து வைத்து, ஓஎஸ் போட்டு, டிரைவர் ஏற்றி, தமிழ் ஃபான்ட் போட்டு முடிக்க அர்த்த ராத்திரி ஆகிவிடும். காசு கேட்டால் "சொந்தத்துக்குள்ள என்ன காசு" என்று முகம் மாறிவிடும். அதனால் கேட்பதில்லை.

எனக்கு ஒரே ஒரு பொழுதுபோக்கு உண்டு. பழைய ரேடியோக்களை வாங்கிச் சரிசெய்வேன். பிலிப்ஸ், மர்பி, புஷ் என்று வால்வு செட்டும் டிரான்சிஸ்டர் செட்டுமாகக் கொஞ்சம் சேர்த்திருக்கிறேன். காய்ந்துபோன கண்டன்சரை மாற்றுவது, பற்று விட்டுப்போன டிரை சால்டரைத் தேடிப் பிடிப்பது, அறுந்த டயல் கயிற்றைத் திரும்பக் கோர்ப்பது என்று உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது. கடைசியில் ஸ்டேஷன் பிடிக்கும் கேங்கைத் திருப்பும்போது இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல் தெளிவாக வரும் பாருங்கள், அந்த நேரத்தில் கிடைக்கிற நிம்மதி எனக்கு வேறெதிலும் கிடைப்பதில்லை. நான் சரிசெய்த செட்டில்தான் அம்மா தினமும் காலையில் திருநெல்வேலி வானொலியில் செய்தி கேட்கிறார்கள். ரேடியோவை எப்போது முடிப்பாய் என்று என்னிடம் யாரும் கேட்பதில்லை.

என் மனைவிக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. "கடையிலும் அதே, வீட்டிலும் அதேயா? எங்களுக்கு எப்போதான் நேரம்?" என்கிறாள். போன வாரம் மகள் ஏதோ பள்ளி வேலைக்காக உதவி கேட்டு வந்தாள். "ரெண்டு நிமிஷம்மா" என்றேன். நான் எழுந்து போனபோது அவள் தூங்கிவிட்டாள். அன்றைக்குச் சண்டை பெரிதாகி, "இதையெல்லாம் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டு வாருங்கள்" என்று மனைவி சொல்லிவிட்டாள். இரண்டு பேரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில மாதங்களுக்கு முன் ஒரு அம்மா ஒரு ஹார்ட் டிஸ்க் கொண்டு வந்தார்கள். இறந்துபோன கணவரின் படங்களும் பேச்சும் அதில்தான் இருக்கின்றன என்றார்கள். போட்டதுமே டிக் டிக் என்று சத்தம். டேட்டாவைப் படிக்கும் ஹெட் போயிருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அதை நான் கடையில் திறக்கக் கூடாது, தூசி பட்டால் உள்ளதும் போய்விடும். அதனால் வெளியூர் லேபுக்கு அனுப்பி வைத்தேன். டேட்டா பதிந்திருக்கும் தட்டான பிளேட்டரே கீறல் விட்டிருக்கிறது, எடுக்க முடியாது என்று திரும்பி வந்துவிட்டது. அவர்கள் என்னைத் திட்டவில்லை. "நீங்க முயற்சி பண்ணீங்கல்ல, அது போதும்" என்று சொல்லிவிட்டு டிஸ்க்கைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்கள். இரவில் படுத்தால் அந்த முகம் வருகிறது. தூக்கம் கெட்டுப்போகிறது. இதை யாரிடமும் சொல்லவில்லை.

ரேடியோவை விட்டுவிட வேண்டுமா மேடம்? விட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருநெல்வேலி


அன்புள்ள தம்பிக்கு,

ரேடியோவை விட வேண்டாம். விட்டாலும் எதுவும் சரியாகாது. அந்த மேசையில் காலியாகும் இடத்தில் அடுத்த நாளே யாரோ ஒரு சித்தப்பாவின் லேப்டாப் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

நாள் முழுக்கப் பழுது பார்க்கிறவருக்கு வீட்டிலும் பழுது பார்ப்பது எப்படி ஓய்வாகும் என்று உங்கள் மனைவிக்குத் தோன்றுவது இயல்புதான். ஆனால் உங்கள் மனத்துக்கு இரண்டும் வேறு வேறு. வேலைக்குப் பிறகு மனிதர் எப்படித் தேறுகிறார் என்பதைப் பல வருடங்களாக ஆராய்ந்தவர் ஜெர்மானிய உளவியலாளர் சபீனே சோனன்டாக். அவரும் சார்லட் ஃபிரிட்ஸும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் நான்கு விஷயங்களைச் சொல்கிறார்கள்: மனம் வேலையை விட்டு விலகியிருப்பது, உடல் தளர்வது, ஏதோ ஒன்றில் தேர்ச்சி கூடுவது, நம் நேரம் நம் கையில் இருப்பது. ரேடியோ மேசையில் கடைசி இரண்டும் உங்களுக்கு முழுசாகக் கிடைக்கின்றன. அவசரப்படுத்தும் வாடிக்கையாளர் இல்லை, "ரேட் கொஞ்சம் குறைங்க" இல்லை. எப்போது முடிப்பாய் என்று யாரும் கேட்பதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு அந்த மேசை எதற்காகத் தேவைப்படுகிறது என்பது அந்த வரியிலேயே தெரிகிறது.

உங்களுக்குக் கிடைக்காதது முதலாவது விஷயம். போன் பக்கத்திலேயே இருக்கும்வரை மனம் வேலையை விட்டு விலகாது. அது அடிக்காத நேரத்திலும் அடிக்கப் போகிறது என்று காது காத்திருக்கும். பதினொரு மணி வரை கடை உங்களோடு வீட்டுக்குள் இருக்கிறது. அதற்குப் பிறகு மிச்சம் இருக்கும் கொஞ்ச நேரத்தை ரேடியோ எடுத்துக்கொள்கிறது. இப்போது உங்கள் மனைவி நிற்கும் இடத்திலிருந்து பாருங்கள். இலவச ஃபார்மட் போடும்போதும் அதே குனிந்த முதுகு, ரேடியோ பார்க்கும்போதும் அதே குனிந்த முதுகு. எது வேலை, எது நிம்மதி என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவர் கோபம் ரேடியோ மேல் விழுந்துவிட்டது, ஏனென்றால் அதை மட்டும்தான் அவரால் வேண்டாம் என்று சொல்ல முடிகிறது. தன் சொந்த அண்ணன் தம்பி கொண்டு வந்து வைத்த லேப்டாப்பை எடுத்துப் போங்கள் என்று அவர் எப்படிச் சொல்வார்?

ஒன்றை வருத்தத்தோடுதான் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் கண்டன்சருக்கும் டயல் கயிற்றுக்கும் இடம் இருக்கிறது. உங்கள் மனைவிக்கு எது பிடிக்கும், பள்ளியிலிருந்து வந்த பிறகு அவர் எப்போது உட்கார்கிறார் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. அவரும் ஒரு நாள் வேலையை முடித்துவிட்டு வந்து, சமையல், மகளின் படிப்பு, மாமியாரின் மருந்து என்று இன்னொரு வேலையைத் தொடங்குகிறவராகத்தான் இருப்பார். உங்களுக்கு ரேடியோ இருக்கிறது. அவருக்கு என்ன இருக்கிறது? கல்யாணத்துக்கு முன்னால் அவர் பாடியிருக்கலாம், படித்திருக்கலாம், தோழிகளோடு கோயிலுக்குப் போய் வந்திருக்கலாம். கேட்டுப் பாருங்கள். "எங்களுக்கு எப்போ நேரம்" என்று அவர் கேட்பதற்குள் "எனக்கு எப்போ நேரம்" என்பதும் ஒளிந்திருக்கலாம்.

சரி, நடைமுறைக்கு வருவோம். கடைக்குத் தனி எண் இல்லையென்றால் இந்த மாதமே ஒன்று வாங்குங்கள். ஷட்டரை இறக்கும்போது அந்த போனையும் அணைத்துக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். ராத்திரியில் மாட்டிக்கொண்ட பேப்பரைக் காலையில் எடுத்தாலும் பிரிண்டருக்கு ஒன்றும் ஆகாது. ஆன்லைன் பரீட்சை போல உண்மையான அவசரம் எப்போதாவது வரும். அதற்கு வீட்டு எண்ணைத் தெரிந்தவர்கள் கூப்பிடுவார்கள்.

சொந்தக்காரர்கள் விஷயம் இதைவிடக் கஷ்டம், எனக்குத் தெரியும். நம் ஊரில் "முடியாது" என்று சொன்னால் அது அடுத்த கல்யாண வீடு வரைக்கும் பேச்சாகிவிடும். அதனால் முடியாது என்று சொல்ல வேண்டாம், எங்கே, எப்போது என்று மட்டும் சொல்லுங்கள். "சித்தப்பா, வீட்டுல டூல்ஸ் எல்லாம் இல்ல. கடைக்குக் கொண்டாங்க, புதன்கிழமை மத்தியானம் பாத்துத் தரேன்." கடை கொஞ்சம் ஓய்ந்திருக்கும் ஒரு மதியத்தைச் சொந்தத்துக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். உழைப்புக்குக் காசு வாங்குவதும் வாங்காததும் உங்கள் விருப்பம். ஆனால் ரேமுக்கோ எஸ்எஸ்டிக்கோ உங்கள் பையிலிருந்து போடாதீர்கள். முதலில் ஒன்றிரண்டு பேர் முகம் சுளிப்பார்கள். மனைவி வழி உறவுக்கு இதைச் சொல்வதற்கு முன் மனைவியிடம் பேசி, இருவரும் ஒரே பதிலைச் சொல்வதாக முடிவு செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் "அவர்தான் மாட்டேங்கிறார்" என்ற பழி உங்கள் மேலும், "நீயாவது சொல்லக் கூடாதா" என்ற நச்சரிப்பு அவர் மேலும் விழும்.

1996-இல் யோஹானஸ் சீக்ரிஸ்ட் என்ற, ஜெர்மனியில் பணியாற்றிய இன்னொரு அறிஞர், போடுகிற உழைப்புக்கும் திரும்ப வருவதற்கும் பொருத்தமில்லாமல் போகும்போது உடலும் மனமும் நோகின்றன என்று விளக்கினார். திரும்ப வருவது என்று அவர் சொல்வதில் பணத்தோடு மரியாதையும் சேர்த்தி. "சும்மா ஒரு ஃபார்மட்தானே" என்ற பேச்சு உங்களுக்கு ஏன் அவ்வளவு வலிக்கிறது என்று நீங்கள் கடிதத்தில் எழுதவில்லை. எனக்குப் புரிகிறது. அர்த்த ராத்திரி வரை நீங்கள் செய்வதை எவரும் ஒரு வேலையாகவே பார்க்கவில்லை.

இனி ரேடியோவுக்கு. வாரத்தில் இரண்டு இரவும் ஞாயிறு மதியமும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்படி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் நீங்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்கும் முகத்தோடு உட்கார வேண்டியதில்லை. மற்ற நாட்களில் மேசைப் பக்கம் போகாதீர்கள். மகள் கூப்பிட்டால் "ரெண்டு நிமிஷம்" என்ற வார்த்தையை விட்டுவிடுங்கள். "இந்த ஜாயின்ட் முடிச்சதும் வரேன்" என்று சொல்லி, முடிந்ததும் எழுந்து போங்கள். சொன்னதைச் செய்கிறீர்கள் என்று நாலைந்து முறை பார்த்துவிட்டால் அவளே காத்திருப்பாள். அவளையும் ரேடியோவில் ஆர்வப்படுத்த வேண்டும் என்று முயற்சி எதுவும் வேண்டாம். அவளாக வந்தால் சந்தோஷம். இன்னொன்று, 60/40 சால்டரில் ஈயம் இருக்கிறது, சால்டர் உருகும்போது வரும் ஃபிளக்ஸ் புகையும் நல்லதல்ல. சால்டர் வேலையைக் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பாட்டில் கை வைக்காதீர்கள். வால்வு செட்டில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் கரண்ட் நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியும். வீட்டில் மற்றவர்களுக்குத் தெரியாது, சொல்லி வையுங்கள்.

அந்த ஹார்ட் டிஸ்க்கைப் பற்றி எழுதியிருந்த பகுதியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். டாக்டருக்கும் நர்ஸுக்கும் கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்று படிப்பிலேயே ஓரளவு கற்றுக்கொடுக்கிறார்கள். உங்கள் தொழிலில் அதை யாரும் சொல்லித் தருவதில்லை. ஆனால் இன்று ஒரு குடும்பத்தின் கல்யாணம், குழந்தை, செத்துப்போனவரின் குரல் எல்லாம் உங்கள் மேசைக்குத்தான் வருகின்றன. அந்த அம்மாவுக்குக் கணவர் இரண்டாம் முறை இறந்த மாதிரி இருந்திருக்கும். அந்தச் செய்தியை அவருக்குச் சொன்னவர் நீங்கள், அந்தத் துக்கத்தில் ஒரு பங்கு உங்களிடமும் தங்கிவிட்டது. நீங்கள் செய்ததெல்லாம் சரி. திறக்காமல் விட்டதும் சரி, லேபுக்கு அனுப்பியதும் சரி. அது உங்கள் அறிவுக்குத் தெரியும். ஆனாலும் முகம் வருகிறது என்றால், அந்தத் துக்கத்தை நீங்கள் இன்னும் யாரிடமும் இறக்கி வைக்கவில்லை என்று அர்த்தம். முதலில் மனைவியிடம் சொல்லுங்கள். அறிவுரை கேட்டு அல்ல, நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். நீங்கள் மேசையில் மௌனமாகக் குனிந்திருந்த பல இரவுகளில் மனசுக்குள் என்ன ஓடியது என்று அப்போதுதான் அவருக்குத் தெரிய வரும்.

கடையில் ஒரு பழக்கத்தையும் தொடங்கலாம். ஒவ்வொரு சிஸ்டத்தைக் கொடுக்கும்போதும், "படமெல்லாம் இன்னொரு இடத்துல காப்பி இருக்கா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் அங்கேயே ஒரு டிஸ்க்கில் போட்டுக் கொடுங்கள், அதற்குக் கட்டணமும் வாங்குங்கள். அந்த அம்மாவுக்குச் செய்ய முடியாததை இன்னொருவருக்கு முன்கூட்டியே செய்கிறீர்கள்.

தூக்கத்துக்கு ஒரு சின்ன வழி. அமெரிக்காவில் பேய்லர் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஸ்கல்லினும் உடன் ஆய்வாளர்களும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில் 57 இளைஞர்கள் கலந்துகொண்டார்கள். படுக்கும் முன் ஐந்து நிமிடம், இனி செய்ய வேண்டிய வேலைகளை எழுதி வைத்தவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சீக்கிரம் தூங்கினார்கள். மனம் பாதியில் நிற்பதைத்தான் விடாமல் பிடித்துக்கொள்ளும். நீங்கள் அதைக் கடையிலேயே, விளக்கை அணைக்கும் முன் எழுதுங்கள். யார் லேப்டாப், என்ன பாக்கி, நாளை எந்தப் பார்ட் வாங்க வேண்டும் என்று எழுதிவிட்டு அந்த நோட்டையும் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

இதற்கெல்லாம் பிறகும் இரண்டு மூன்று வாரம் தூக்கம் வராமல், பசி குறைந்து, எதிலும் பிடிப்பில்லாமல் போனால், ரேடியோவே பிடிக்காமல் போனால், தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். உங்கள் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

மனைவியிடம் பேசுவதை இந்த ஞாயிறுக்குத் தள்ளிப் போடாதீர்கள். இன்றைக்கே, போனை அணைத்துவிட்டுப் போய்ப் பேசுங்கள். ரேடியோவுக்காக வாதாடுவதிலிருந்து தொடங்க வேண்டாம். அவருக்கு எந்த மாலை வேண்டும் என்று முதலில் கேளுங்கள். அதைக் கொடுத்த பிறகு உங்களுடையதைக் கேளுங்கள். என்ன முடிவானது என்று இருவரும் சேர்ந்து எனக்கு எழுதினால் மகிழ்வேன்.