கட்டிலை விட்டு எழுந்ததும் கண் இருட்டினால்

கேள்வி: அம்மாவுக்கு 78 வயது. கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார். பி.பி.க்கு டெல்மிசார்டானும் நீர் மாத்திரையும் சேர்ந்த மாத்திரை, தூக்கத்துக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய அல்பிரசோலம். போன மாதம் விடியற்காலை கொல்லைப்புறக் கழிவறைக்குப் போகும்போது விழுந்து, பால்காரர் வரும்வரை தரையிலேயே கிடந்திருக்கிறார். மூட்டு வலி, பெயர் மறதி, கொலஸ்ட்ரால் 218, எழுந்தால் கண் இருட்டுவது என்று பல தொந்தரவுகள். யூடியூப் பார்த்து ஞாபகசக்திச் சூரணமும் வைட்டமின் டி பொடியும் வாங்கித் தந்திருக்கிறேன். சென்னைக்கு வர மறுக்கிறார். முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடலாமா?

பதில்: இல்லத்துக்கு இப்போது அவசரமில்லை. கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கண் இருட்டல்தான் உறுத்துகிறது. அம்மா வழுக்கி விழவில்லை, தலைசுற்றிச் சரிந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

படுத்திருந்து எழும்போது ரத்தம் கால்பக்கம் இறங்கும். இளம் வயதில் ரத்தக்குழாய்கள் உடனே சுருங்கிச் சமாளித்துவிடும். 78 வயதில் அது மந்தம். போதாக்குறைக்கு நீர் மாத்திரை உடம்பின் நீரையும் உப்பையும் வெளியேற்றுகிறது. ராத்திரி போட்ட அல்பிரசோலத்தின் மப்பு விடியற்காலையிலும் முழுக்கத் தெளிந்திருக்காது. இந்த நிலையில் இருட்டில் எழுந்து கொல்லைக்கு நடக்கிறார்.

நாளைக் காலையே பார்த்துவிடலாம். மேல்கையில் கட்டும் பி.பி. மெஷின் போதும். ஐந்து நிமிடம் படுக்கவைத்து அளந்து எழுதுங்கள். எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிடத்தில் ஒருமுறை, மூன்றாவது நிமிடத்தில் ஒருமுறை அளக்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ளத் தயாராக நிற்கட்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் காரணம் ஏறக்குறைய அகப்பட்டுவிட்டது. இப்படி மூன்று நாள். மாத்திரையைக் குறைப்பதா, நீர் மாத்திரையை எடுத்துவிடுவதா என்பதை உங்கள் மருத்துவர் தீர்மானிப்பார். ரத்தத்தில் சோடியம், ஹீமோகுளோபின், ஒரு இ.சி.ஜி. இவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அல்பிரசோலத்தைச் சீட்டு இல்லாமல் கடைக்காரர் கொடுத்ததே தவறு. அதற்காக இன்றே நிறுத்திவிடாதீர்கள். தினமும் போட்டுப் பழகியவர் சட்டென்று விட்டால் பதற்றம், தூக்கமின்மை, சிலருக்கு வலிப்புகூட வரும். வாரக்கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

விழுந்தபோது தலையில் அடிபட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. மண்டைக்குள் மெதுவாகக் கசியும் ரத்தம் சில வாரம் கழித்தும் தொல்லை காட்டும். புதிதாகத் தலைவலி, பகலெல்லாம் தூக்கக் கலக்கம், பேச்சில் குழப்பம், ஒரு கால் இழுப்பு, இவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே சி.டி. ஸ்கேன்.

மற்றவை சில்லறை. 218 கொலஸ்ட்ராலால் யாரும் கொல்லையில் விழுவதில்லை. பெயர் மறந்து, கொஞ்ச நேரம் கழித்து ஞாபகம் வந்தால் அது வயது. கேஸைத் திறந்துவிட்டு மறப்பதும், பழகிய தெருவில் வழி தெரியாமல் நிற்பதும் வேறு. சூரணத்தை நிறுத்துங்கள், என்ன கலந்திருக்கிறது என்று விற்றவருக்கே தெரியுமோ என்னவோ. வைட்டமின் டி பாக்கெட் 60,000 யூனிட் என்றால் அது பெரும்பாலும் வாரம் ஒன்று, சில வாரங்களுக்கு மட்டும். சத்துதானே என்று தினமும் கொடுத்தால் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், மனக்குழப்பம் வரும். பிறகு அதற்கும் ஒரு சூரணம் தேடுவீர்கள்.

இனி வீடு. ராத்திரி கொல்லைக்கு நடையே வேண்டாம். கட்டிலை ஒட்டி ஒரு கமோடு நாற்காலி போடுங்கள். எழுந்ததும் கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, கணுக்காலை மேலும் கீழும் ஆட்டிவிட்டு நிற்கட்டும். கழிவறைச் சுவரில் ஸ்டீல் கைப்பிடியை ஆங்கர் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். துண்டு போடும் கம்பி ஆள் எடையைத் தாங்காது, ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வரும். உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கைப்பிடி அதைவிட மோசம். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்பக்கம் திறக்கும் கதவில் அவர் சாய்ந்து விழுந்தால் வெளியிலிருந்து தள்ளவே முடியாது. உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள். நிலைப்படி ஓரத்தில் வெள்ளைப் பெயின்ட் பட்டை ஒன்று.

விழுந்ததைவிட அவர் தரையில் கிடந்த நேரம்தான் ஆபத்து. ஒரு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் கிடந்தால் தசை நசுங்கிச் சிறுநீரகம்வரை பாதிக்கலாம். பட்டன் போனைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளட்டும். காலை ஆறரைக்கு உங்களுக்கு ஒரு மிஸ்டு கால். ஆறே முக்காலுக்குள் வராவிட்டால் சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் போய்ப் பார்க்க வேண்டும். தரையிலிருந்து எழவும் பழக்குங்கள்: ஒருக்களித்துப் புரண்டு, முட்டி போட்டு, நாற்காலிவரை தவழ்ந்து, வலுவான காலை முன்னால் ஊன்றி எழ வேண்டும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவது, தினம் இருவேளை. மூட்டு வலிக்கும் அதுவே மருந்து. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பி.பி. மாத்திரையும் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வரும். வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது மூன்று நாள் பி.பி. கணக்கோடு எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். அந்தச் சூரண டப்பாவும் பையில் இருக்கட்டும்.