கேள்வி – பதில்: டொனிக் நீரில் மங்கிய நீலம்

கேள்வி: உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கும் என் மகன், நோட்டுப் பார்க்கும் புறஊதா விளக்கின் கீழ் டொனிக் நீர் என்ற கசப்புக் குளிர்பானம் நீலமாக ஒளிர்வதைக் காட்டினான். எங்கள் கிணற்று நீரைக் கலந்ததும் அந்த நீலம் மங்கிவிட்டது. அயலில் சில பிள்ளைகளின் பற்களில் கறை இருப்பதால், இது புளோரைட்டாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. நீரிலுள்ள அயன்களை (மின்னேற்றமுள்ள துகள்களை) ஒளிர்ந்து காட்டும் உணரிகள் இருக்கின்றன என்கிறானே, அவற்றைக் கொண்டு வீட்டிலேயே பார்க்கலாமா?
– வாசகி, குச்சவெளி, திருகோணமலை

பதில்: மகன் செய்தது நல்ல சோதனை, நீங்கள் எடுத்த முடிவுதான் பிழை. டொனிக் நீரில் ஒளிர்வது குயினைன், அதாவது நம் பாட்டன்மார் மலேரியாக் காய்ச்சலுக்கு விழுங்கிய அதே கசப்பு மருந்து. புறஊதா ஒளியை உறிஞ்சி அது நீல ஒளியாகத் திருப்பித் தருவதற்குள் குளோரைட்டு அயன் வந்து மோதினால், அந்தச் சக்தி ஒளியாகாமலே வீணாகிவிடும். புரோமைட்டும் அயடைட்டும் இதையே இன்னும் வலுவாகச் செய்யும், புளோரைட்டு செய்யாது. ஆகவே கடலோரக் கிணற்று நீர் அதை மங்கச் செய்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது குளோரைட்டு நிறைந்த உப்பையே. அதுவும் உறுதியில்லை, ஏனென்றால் எந்த நீரை ஊற்றினாலும் குயினைன் ஐதாகி ஒளி குறையத்தான் செய்யும். இன்னொரு கிளாஸ் டொனிக் நீரில் அதே அளவு மழைநீரை ஊற்றிப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஒன்றில் அரைத் தேக்கரண்டி கறியுப்பைப் போட்டால் நீலம் அடங்குவது கண்ணுக்கே தெரியும். நுரை பொங்கி வழியும் என்பதால் அடியில் ஒரு தட்டு இருக்கட்டும்.

மகன் சொல்லும் உணரிகள் இதைவிட நுட்பமானவை. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் படித்து, பெல்பாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான பிரசன்ன டி சில்வா இத்துறையின் முன்னோடிகளில் ஒருவர். அவர் வடிவமைத்த வகை மூலக்கூறில் ஒளிரும் பகுதியும் அயனைப் பிடிக்கும் பகுதியும் ஒரு சிறு சங்கிலியால் இணைந்திருக்கும். அயன் இல்லாதபோது, பிடிக்கும் பகுதியிலுள்ள நைதரசனின் இலத்திரன் சோடியிலிருந்து ஒன்று ஒளிரும் பகுதிக்குப் பாய்ந்து ஒளியை அணைத்துவிடும். சோடியம் போன்ற கற்றயன் (நேர் ஏற்றமுள்ள அயன்) வந்து அந்த இலத்திரன் சோடியைப் பற்றிக்கொண்டால் பாய்ச்சல் தடைப்பட்டு மூலக்கூறு ஒளிரும். இரத்தத்திலுள்ள சோடியத்தை அளக்கும் மருத்துவக் கருவிகளில் இவ்வகை உணரி பயன்பட்டிருக்கிறது. எல்லா உலோகமும் இப்படி விளக்கேற்றுவதில்லை: நாகம் (துத்தநாகம்) பெரும்பாலும் ஒளியைக் கூட்டும், செம்பும் பாதரசமும் பெரும்பாலும் அணைத்துவிடும். அணைவதை மட்டும் வைத்து இன்ன உலோகம் என்று சொல்பவரை நான் நம்பமாட்டேன்.

புளோரைட்டு போன்ற அன்னயன்களை (மறை ஏற்றமுள்ள அயன்களை) பிடிப்பது இன்னும் கடினம். புளோரைட்டை நீர் மூலக்கூறுகள் இறுகச் சூழ்ந்திருப்பதால், சேதனக் கரைப்பானில் (நீரல்லாத, காபன் சார்ந்த திரவத்தில்) அழகாக வேலை செய்யும் உணரிகள் பல கிணற்று நீரில் கைவிட்டுவிடும். இதற்கு ஒரு பழைய சுற்றுவழி உண்டு. பலாமர வைரத்தில் மோரின் என்ற மஞ்சள் நிறப்பொருள் இருக்கிறது. பிக்குகளின் காவிக்குச் சாயமிட அந்த மரத்தைத்தான் அவித்தார்கள். மோரின் அலுமினியத்தோடு சேர்ந்தால் பச்சையாக ஒளிரும் என்பதைச் சுவிஸ் இரசாயனவியலாளர் கொப்பல்ஸ்ரோடர் 1867இல் காட்டினார். அந்தக் கரைசலில் புளோரைட்டைச் சேர்த்தால் அது அலுமினியத்தைப் பறித்துக்கொள்ள, ஒளி குறையும். ஆனால் பொசுபேற்றும் அலுமினியத்தைப் பற்றக்கூடியது. pH (அமில, காரத் தன்மையின் அளவு) மாறினாலும் அளவு பிழைத்துவிடும். ஆய்வுகூடத்தில் இவற்றைக் கட்டுப்படுத்தலாம், குசினியில் முடியாது.

பற்கறைக்கு வேறு காரணங்களும் இருப்பதால் பல் வைத்தியரிடம் காட்டுவது நல்லது. அதற்காக உங்கள் பயத்தை வீண் என்று தள்ளமாட்டேன். உலர் வலயத்தில் பாறைக் கனிமங்களிலிருந்து புளோரைட்டு நிலத்தடி நீரில் கரைவது தெரிந்த விடயம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். பற்கள் உருவாகும் சிறுவயதில் அதற்கு மேற்பட்ட நீரைத் தொடர்ந்து குடித்தால் எனாமலில் கறை விழலாம். நீரைக் கொதிக்க வைப்பதால் புளோரைட்டு போகாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். கண்ணாடிப் போத்தலைத் தவிர்த்து, சுத்தமான பிளாஸ்டிக் போத்தலை அதே கிணற்று நீரால் இரண்டு மூன்று முறை அலசி நிரப்பி, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கொடுங்கள். புளோரைட்டோடு குளோரைட்டையும் அளக்கக் கேளுங்கள். மகன் பார்த்த மங்கலுக்கும் விடை அந்த அறிக்கையில் கிடைக்கும்.