ஜெர்மனியில் படிக்கும்போது இந்திய லைசென்ஸை வைத்து எத்தனை நாள் கார் ஓட்டலாம்?

கேள்வி: அக்டோபரில் மாஸ்டர்ஸ் படிக்க ஜெர்மனி போகிறேன். தமிழ்நாட்டில் எடுத்த கார் லைசென்ஸ் இருக்கிறது. ஐடிபி (இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்) எடுத்துக்கொண்டு போனால் படிப்பு முடியும்வரை ஓட்டலாம் என்கிறார்கள். உண்மையா?

பதில்:

இல்லைங்க. ஆறு மாதம்தான். நீங்கள் ஜெர்மனியில் குடியேறிய நாளிலிருந்து அந்தக் கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். நடுவில் ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பினாலும் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்காது. ஐடிபியில் ஒரு வருடம் என்று போட்டிருப்பதைப் பார்த்துத்தான் பலர் குழம்பிப் போகிறார்கள். அது உங்கள் லைசென்ஸோடு சேர்த்துக் காட்டும் ஒரு துணைத் தாள், அவ்வளவுதான். ஆறு மாதத்தை அது ஒரு நாள்கூட நீட்டிக்காது. அந்த ஆறு மாதத்துக்குள் ஓட்டுவதானாலும் லைசென்ஸின் ஜெர்மன் மொழிபெயர்ப்பைக் கையில் வைத்திருங்கள். ஏடிஏசி என்ற வாகன ஓட்டிகள் சங்கத்திலோ, நீதிமன்றத்தில் பதிவு செய்த மொழிபெயர்ப்பாளரிடமோ செய்துகொள்ளலாம்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. ஒரு வருடத்துக்கு மேல் தங்கப் போவதில்லை என்று காட்ட முடிந்தால், கெடு முடிவதற்குள் லைசென்ஸ் அலுவலகத்தில் விண்ணப்பித்து இன்னும் ஆறு மாதம் வரை கேட்கலாம். ஒரு செமஸ்டர், இரண்டு செமஸ்டர் எக்ஸ்சேஞ்சில் வருகிறவர்களுக்கு அது பயன்படும். இரண்டு வருட மாஸ்டர்ஸ்காரர்களுக்குப் பொருந்தாது.

கெடு தாண்டி ஓட்டினால் என்ன ஆகும் என்பதைத்தான் யாரும் சரியாகச் சொல்வதில்லை. நம் ஊரில் மாதிரி அபராதம் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு போகிற விஷயம் இல்லை இது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய குற்றம் என்று கிரிமினல் வழக்காகும். சட்டத்தில் ஒரு வருடம் வரை சிறை என்று இருக்கிறது. முதல் முறை என்றால் பெரும்பாலும் அபராதத்தோடு விட்டுவிடுவார்கள். ஆனால் வழக்கு பற்றிய தகவல் நம் விசாவைப் பார்க்கும் அலுவலகத்துக்கும் போய்விடும். தெரிந்தே தன் காரைக் கொடுத்த நண்பர் மீதும் வழக்கு வரும். விபத்து நடந்தால், எதிராளிக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் பணம் கொடுத்துவிட்டு, ஓட்டியவரிடம் 5000 யூரோ வரை திருப்பிக் கேட்கலாம்.

எங்கள் விடுதியில் இருந்த ஒரு தம்பி, வீடு மாற்றுவதற்காக வேன் வாடகைக்கு எடுத்தான். வாடகைக்குக் கொடுத்தவர்கள் இந்திய லைசென்ஸைப் பார்த்து, பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டார்கள். வழியில் போலீஸ் சோதனை. மெத்தையும் பெட்டியும் பின்னால் இருக்க, அவர்கள் கேட்டது லைசென்ஸையும் ரெசிடென்ஸ் பெர்மிட் அட்டையையும்தான். முகவரி எப்போது பதிவானது என்று வயர்லெஸ்ஸில் விசாரித்தார்கள். ஆறு மாதம் தாண்டியிருந்தது. வேனை அங்கேயே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். நன்றாக ஓட்டக்கூடிய பையன். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சாவி கொடுத்துவிட்டார்கள் என்பதாலேயே ஓட்ட அனுமதி இருக்கிறது என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

சரி, அப்புறம் என்ன வழி? ஜெர்மன் லைசென்ஸாக மாற்றுவதுதான். சிங்கப்பூர் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் தேர்வு எழுதாமலே மாற்றிக்கொள்ளலாம். இந்திய, இலங்கை லைசென்ஸ்காரர்கள் எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு (வண்டியை ஓட்டிக் காட்டுவது) இரண்டிலும் தேறித்தான் ஆக வேண்டும். ஆனால் நமக்கு ஒரு பெரிய சலுகை உண்டு: புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்குக் கட்டாயமான வகுப்புகளும் பயிற்சி நேரங்களும் நமக்குக் கட்டாயம் இல்லை. ஒன்றுமே இல்லாமல் தொடங்குகிறவர்களுக்கு 3000 யூரோவுக்கு மேல்கூட ஆகிறது என்பதை யோசித்தால், கையில் இருக்கும் தமிழ்நாட்டு லைசென்ஸின் மதிப்பு புரியும். அசல் அட்டையைக் கண்டிப்பாகக் கொண்டு வாருங்கள், டிஜிலாக்கர் பிரதியை நம்பி வராதீர்கள். ஜெர்மன் லைசென்ஸ் கொடுக்கும்போது பழையதை வாங்கி வைத்துக்கொள்வார்கள். இன்னும் லைசென்ஸ் எடுக்காதவர்கள் கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள். இங்கே குடியேறிய பிறகு லீவில் ஊருக்குப் போய் எடுத்து வந்தால் அது இங்கே செல்லாது. எல்எல்ஆரும் செல்லாது.

கண் பரிசோதனை, ஒரு நாள் முதலுதவி வகுப்பு, மொழிபெயர்ப்பு, போட்டோ எல்லாம் சேர்த்து விண்ணப்பம் கொடுக்க வேண்டும். எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம், 30 கேள்விகள். தவறான பதில்களுக்குச் சேரும் பிழைப் புள்ளி பத்துக்குள் இருக்க வேண்டும், ஐந்து புள்ளிக் கேள்வி இரண்டு தவறினால் போச்சு. ஓட்டுத் தேர்வு ஜெர்மன் மொழியில் நடக்கும். இடது, வலது, நேராக, அடுத்த தெரு என்கிற அளவுக்காவது காது பழகியிருக்க வேண்டும்.

அந்தத் தேர்வில்தான் நம்மவர்கள் அதிகம் தோற்கிறார்கள். வண்டி ஓட்டத் தெரியாமல் இல்லை. முப்பது கிலோமீட்டர் வேகத் தெருவுக்குள் போகிறீர்கள். சந்திப்பில் போர்டும் இல்லை, சிக்னலும் இல்லை. வலப்பக்கச் சந்திலிருந்து ஒரு கார் வருகிறது. அது எவ்வளவு சின்னச் சந்தாக இருந்தாலும் முதலில் போகும் உரிமை அதற்குத்தான், நீங்கள் நிற்க வேண்டும். காரே வராவிட்டாலும் வேகத்தைக் குறைத்து, தலையை வலப்பக்கம் திருப்பிப் பார்த்ததைப் பின் சீட்டில் இருக்கும் தேர்வாளர் காண வேண்டும். வலது திரும்பும்போது கண்ணாடி மட்டும் போதாது, தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்க வேண்டும். அந்தப் பக்கம் சைக்கிள் நேராக வந்துகொண்டிருக்கும். சைக்கிளை முந்தும்போது ஊருக்குள் ஒன்றரை மீட்டர், ஊருக்கு வெளியே இரண்டு மீட்டர் இடைவெளி விட வேண்டும். இடம் இல்லையென்றால் பின்னாலேயே பொறுமையாகப் போக வேண்டியதுதான். இடப்பக்கம் ஓட்டி, ஹாரன் அடித்தே பழகிய கைக்கு இதெல்லாம் தானாக வராது. அதனால் கட்டாயம் இல்லாவிட்டாலும் சில மணி நேரப் பயிற்சிக்குப் பணம் செலவழியுங்கள் என்றே சொல்வேன். அதில் மிச்சம் பிடித்தால் மறுதேர்வுக் கட்டணத்தில் போய்விடும்.

எப்போது தொடங்குவது? முதல் செமஸ்டரிலேயே. ஊருக்குள் சுற்ற மாணவர் டிக்கெட்டே போதும், கார் தேவைப்படாது. ஆனால் இன்டர்ன்ஷிப் தேடும்போது பாருங்கள், நல்ல நல்ல தொழிற்சாலைகள் எல்லாம் மணிக்கொரு பஸ் வரும் சின்ன ஊர்களில் இருக்கும். விண்ணப்பம் ஒப்புதலாகி வரவே பல வாரங்கள் ஆகும். வந்த பிறகு எழுத்துத் தேர்வுக்கு ஒரு வருடம், அதில் தேறிய பிறகு ஓட்டுத் தேர்வுக்கு ஒரு வருடம் அவகாசம் இருக்கிறது. அதனால் அக்டோபரில் வந்ததும் முகவரியைப் பதிந்த கையோடு முதலுதவி வகுப்புக்கு இடம் பிடித்துவிடுங்கள், கிறிஸ்துமஸுக்கு முன்பே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடலாம்.